நடக்காத கதை எப்படி உண்மையாகும்?

இளையோருக்காக நாவல் எழுதுகிற எவரிடமும் வாசகர்கள் முதலில் கேட்கும் கேள்வி, "இது நிஜமாகவே நடந்ததா?" என்பதுதான். பெரியவர்கள் கொஞ்சம் தயங்கிக் கேட்பார்கள். பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகள் நேராகவே கேட்டுவிடுவார்கள். "இல்லை, கற்பனைதான்" என்று நான் சொன்னதும் சில முகங்கள் வாடிப்போவதைப் பார்த்திருக்கிறேன். இவ்வளவு நம்பி அழுதோமே, கடைசியில் பொய்யா என்கிற வாட்டம் அது. அதை என்னால் லேசாக எடுத்துக்கொள்ள முடிவதில்லை. அவர்களுக்கு ஒழுங்கான பதில் ஒன்று தரவேண்டியிருக்கிறது. இதைப் படிக்க இலக்கியக் கோட்பாடு எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒரு கதையைப் படித்துவிட்டு ஒரு ராத்திரியாவது தூக்கம் வராமல் கிடந்தவர் என்றால் போதும்.

குழப்பம் எங்கே வருகிறது என்றால், 'உண்மை' என்ற ஒரே சொல்லை நாம் இரண்டு வேலைக்கு வைத்திருக்கிறோம். நேற்று மழை எத்தனை மணிக்குப் பெய்தது, யார் எங்கே போனார், எந்தத் தாளில் யார் கையெழுத்துப் போட்டார் என்பதெல்லாம் நடந்ததைப் பற்றிய உண்மை. இதற்குச் சாட்சி கேட்கலாம், பதிவேட்டைப் புரட்டலாம், தவறென்றால் திருத்தலாம். இன்னொன்று இருக்கிறது. நண்பன் எல்லோர் முன்னாலும் அவமானப்பட்டபோது வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தவனுக்கு அன்று இரவு என்ன ஆகும்? இதற்கு எந்தப் பதிவேடும் கிடையாது. படிக்கிறவர் தன் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஆமாம், இப்படித்தான் இருக்கும்" என்று சொல்ல வேண்டும். நாவல் பொறுப்பேற்றுக்கொள்வது இந்த இரண்டாவது உண்மைக்கு.

இது புதிய கண்டுபிடிப்பு இல்லை. வரலாறு எழுதுகிறவர் நடந்ததைச் சொல்கிறார், கவிஞர் நடக்கக்கூடியதைச் சொல்கிறார் என்று அரிஸ்டாட்டில் இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்தார். தொல்காப்பியம் இதையே வேறு வழியில் தொடுகிறது. பாட்டுக்குரிய புலனெறி வழக்கம் என்பது நாடக வழக்கும் உலகியல் வழக்கும் சேர்ந்து வருவது என்கிறது. புனைந்து சொல்வது நாடக வழக்கு. உலகத்தில் மக்கள் நிஜமாக நடந்துகொள்ளும் விதம் உலகியல் வழக்கு. நாவலுக்கும் இரண்டும் வேண்டும். கதையில் பறக்கும் குதிரை வரலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் அந்தக் குதிரைமேல் முதல்முறை ஏறுகிற சிறுமிக்கு வயிற்றைப் பிசைய வேண்டும். பிசையவில்லை என்றால் வாசகர் அங்கேயே புத்தகத்தை மூடிவிடுவார்.

பொய்யும் கதையும் ஒன்றா என்று கேட்டால், இல்லை. பொய் சொல்கிறவர் தான் பொய் சொல்வதை மறைக்கிறார். நாவலாசிரியர் அட்டையிலேயே 'நாவல்' என்று போட்டுவிடுகிறார். இட்டுக்கட்டியதை 'என் வாழ்க்கை வரலாறு' என்று விற்றால் அது பொய். வாசகர் கோபப்படுவது நியாயம்.

எனக்கு மிகவும் பிடித்த விதி ஒன்று தொல்காப்பியத்தில் இருக்கிறது. காதலையும் பிரிவையும் பாடுகிற அகப்பாட்டில் எவருடைய பெயரையும் சுட்டிச் சொல்லக் கூடாது: 'சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்'. தலைவன், தலைவி, தோழி, செவிலி, அவ்வளவுதான். இந்த விதியை எவ்வளவு கண்டிப்பாகப் பார்த்தார்கள் என்பதற்கு நெடுநல்வாடை என்ற சங்கப் பாட்டு சாட்சி. அரசன் போர்ப் பாசறையில் இருக்கிறான், அரண்மனையில் அரசி பிரிவில் வாடுகிறாள். உணர்ச்சி முழுக்க அகம். ஆனால் பாட்டில் ஓரிடத்தில், வேலின் தலையில் வேம்பு சூட்டியிருந்ததாக ஒரு வரி வருகிறது. வேம்பு பாண்டியருடைய பூ. ஆள் யாரென்று அடையாளம் தெரிந்துவிட்டது, அதனால் இது அகம் ஆகாது என்று உரையாசிரியர் நச்சினார்க்கினியர் சொல்லிவிட்டார். நூற்றுக்கும் மேற்பட்ட அடிகள் கொண்ட பாட்டு, ஒரே ஒரு பூவால் அகத்தை விட்டு வேறு வகைக்குப் போய்விட்டது!

ஏன் இவ்வளவு கண்டிப்பு? நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். பெயர் இருந்தால் நாம் அந்த ஆளைப் பார்க்கிறோம். அவர் எப்படிப்பட்டவர், அது எந்த வருஷம், அப்புறம் என்ன ஆனார் என்று கேட்கத் தொடங்குகிறோம். பெயரை எடுத்துவிட்டால் பார்ப்பதற்கு வெளியே ஆள் இல்லை. வலி மட்டும் மிச்சம் இருக்கிறது, அது வந்து நம்மேல் உட்கார்ந்துகொள்கிறது. நாவலாசிரியர்கள் பெயரையும் ஊரையும் மாற்றுவது வழக்கு வரும் என்ற பயத்தினால் மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். பெயர் விலகும்போது கதை படிக்கிறவருடையதாகிவிடுகிறது என்பதுதான் எனக்குப் பெரிய காரணமாகத் தெரிகிறது.

கற்பனை சேராத எழுத்திலும் இந்தத் தேவை வந்திருக்கிறது. 1944 மார்ச் 28 அன்று, லண்டனிலிருந்து இயங்கிய டச்சு அரசின் அமைச்சர் ஒருவர் வானொலியில் பேசினார். போர் முடிந்ததும் மக்களுடைய நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் சேகரிக்க வேண்டும் என்றார். நாஜிகளிடமிருந்து தப்ப ஆம்ஸ்டர்டாமில் ஒளிந்து வாழ்ந்த யூதச் சிறுமி ஆன் ஃபிராங்க் அதைக் கேட்டாள். அப்போது வயது 14. அதன் பிறகு, பின்னாளில் புத்தகமாக வரவேண்டும் என்ற எண்ணத்தோடு, தன் நாட்குறிப்பைத் தனித்தாள்களில் முதலிலிருந்து திருத்தி எழுதத் தொடங்கினாள். சில இடங்களை வெட்டினாள், சில இடங்களை விரித்தாள். கூட ஒளிந்திருந்தவர்களுக்கு மாற்றுப் பெயர்களும் யோசித்து வைத்தாள். வான் பெல்ஸ் குடும்பம் வான் டான் ஆனது அப்படித்தான். ஆகஸ்ட் 4 அன்று எல்லோரும் பிடிபட்டார்கள். அந்தத் திருத்தம் முடியவே இல்லை. 1947-இல் புத்தகம் வந்தபோது அவள் உயிரோடு இல்லை. தான் வாழ்ந்ததை வாழ்ந்தபடி எழுதிவைத்த பிள்ளைகூட, பிறர் படிக்கப்போகிறார்கள் என்றதும் எதைச் சொல்வது, எங்கே நிறுத்துவது, யாரை எந்தப் பெயரில் அழைப்பது என்று உட்கார்ந்து யோசித்தாள். அதனால் அந்த நாட்குறிப்பின் உண்மை ஒரு துளியும் குறையவில்லை.

சரி, நடந்ததிலிருந்து கதை எப்படிப் பிறக்கிறது? ராபர்ட் கார்மியர் என்ற அமெரிக்க எழுத்தாளரின் அனுபவம் இதை விளக்க நல்ல உதாரணம். அவருடைய மகன் படித்த பள்ளியில் நிதி திரட்டுவதற்காக மாணவர்களைச் சாக்லேட் விற்கச் சொன்னார்கள். மகனுக்கு விருப்பமில்லை, விற்கவில்லை. பள்ளியும் ஒன்றும் சொல்லவில்லை. நடந்தது அவ்வளவுதான். ஆனால் கார்மியர் தனக்குள் கேட்டுக்கொண்டார்: ஒருவேளை சும்மா விட்டிருக்காவிட்டால்? அந்தக் கேள்வியிலிருந்து 1974-இல் 'தி சாக்லேட் வார்' வந்தது. அதில் சாக்லேட் விற்க மறுக்கும் பையனைப் பள்ளியே சேர்ந்து நசுக்குகிறது. கடைசியில் அவன் அடிபட்டு, தோற்றுக் கிடக்கிறான். முடிவை மாற்றிக் கொடுத்தால் வெளியிடுகிறோம் என்ற பேச்சு வந்தபோது கார்மியர் மறுத்துவிட்டார். வெளிவந்த பிறகும் பல பள்ளி நூலகங்களிலிருந்து அதை எடுக்கச் சொல்லிப் பெற்றோர் புகார் கொடுத்தபடி இருந்தார்கள்.

வீட்டில் நடந்தது சுகமாக முடிந்தது. கதையில் நடந்தது கசப்பாக முடிந்தது. இதில் எது உண்மை? முதலாவது ஒரு பையனுக்கு ஒரு நாள் நடந்தது. இரண்டாவது, கூட்டத்துக்கு எதிராகத் தனியாக நின்ற எத்தனையோ பிள்ளைகளுக்கு நடக்கிறது. நாவலின் முடிவு எனக்கும் தொண்டையில் சிக்கத்தான் செய்கிறது. ஆனாலும் அதை மாற்றியிருந்தால், அப்படி அடிபட்ட ஒரு பிள்ளை அதைப் படித்துவிட்டு, "எனக்கு மட்டும் ஏன் இப்படி முடியவில்லை, என்மேல்தான் தப்போ?" என்று நினைத்திருக்கும். கார்மியர் மறுத்தது சரி என்றே நினைக்கிறேன்.

இதைப் பட்டறைக்குள்ளிருந்து காட்டினால் இன்னும் தெளிவாகும். இப்போது எழுதிக்கொண்டிருக்கும் ஒரு கைப்பிரதியைச் சொல்கிறேன். பதினைந்து வயதுப் பையன். வகுப்பில் பணம் காணாமல் போகிறது. எடுத்தது யார் என்று அவன் கண்ணால் பார்த்திருக்கிறான். பழியோ அவன் நண்பன்மேல் விழுகிறது.

முதல் வரைவில் அவன் எழுந்து நின்று இரண்டு பக்கத்துக்குப் பேசினான். நட்பைப் பற்றி, நியாயத்தைப் பற்றி. வகுப்பே கைதட்டியது. எழுதி முடித்தபோது எனக்குக் கண்ணில் தண்ணீர். இரண்டு நாள் கழித்து வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன்; முகம் சூடாகிவிட்டது. அந்தப் பேச்சு அவனுடையதே இல்லை. இத்தனை வயதுக்கு அப்புறம், அன்றைக்கு நான் இப்படிப் பேசியிருக்கலாமே என்று ஆசைப்படுகிற பேச்சு அது. என் ஆசையை அவன் வாயில் திணித்திருந்தேன்.

இரண்டாவது வரைவில் அவன் வாயே திறக்கவில்லை. நண்பனைத் தலைமையாசிரியர் அறைக்குக் கூட்டிப்போகும்போது பெஞ்சில் காம்பஸால் கோடு கீறிக்கொண்டிருந்தான். சாயங்காலம் நண்பன் வீட்டு வாசல்வரை போனான். வெளியே செருப்பு கிடக்கிறதா என்று பார்த்தான். கிடந்தது. திரும்பி வந்துவிட்டான். இது முதல் வரைவைவிட நூறு மடங்கு நம்பும்படி இருந்தது, அங்கேயே கதையை முடித்தும்விட்டேன். ஆனால் சில வாரம் கழித்து அதுவும் உறுத்தத் தொடங்கியது. மனிதர் என்றால் இவ்வளவுதான், எல்லோரும் கோழைதான் என்று சொல்வதும் ஒரு பொய். இருட்டாக எழுதினால் அது தானாகவே உண்மையாகிவிடும் என்று நாமும் சில காலம் நம்பிவிடுகிறோம். செருப்பைப் பார்த்துவிட்டுத் திரும்பிய பையனால் அடுத்த வாரம் நிம்மதியாகச் சாப்பிட முடியுமா? முடியாது என்றால், முடியாததைத்தானே நான் எழுத வேண்டும்?

மூன்றாவது வரைவு ஒன்பது நாள் தள்ளிப் போகிறது. மைதானத்துக் குழாயடியில் நண்பன் தனியாகத் தண்ணீர் குடிக்கிறான். இவன் பக்கத்தில் போய் நிற்கிறான். "எனக்கு அன்னைக்கே தெரியும்" என்கிறான். மூன்றே சொல். நண்பன் கட்டிப்பிடிக்கவில்லை. "அப்போ ஏன்டா சொல்லல?" என்று கேட்கிறான். இவனிடம் பதில் இல்லை. தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிறது. அந்த அத்தியாயத்தை அங்கே நிறுத்தியிருக்கிறேன்.

மூன்று வரைவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூன்றுமே நடக்காதவை. ஆனால் மூன்றும் ஒரே அளவுக்கு உண்மையானவை இல்லை என்று உங்களுக்கே தெரிகிறது. அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கிற உணர்வு உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. 'கதையின் உண்மை' என்று நான் சொல்வது அதைத்தான்.

துணிவும் இங்கேதான் உள்ளே வருகிறது. துணிவு என்றதும் பயமே இல்லாத ஆள் ஒருவர் மனக்கண்ணில் வந்து நிற்பார். இளையோர் நாவலுக்கு அவரால் அதிகம் பயனில்லை. படிக்கிற பிள்ளைக்குப் பயம் இருக்கிறது. பயமில்லாத நாயகனிடமிருந்து அது எதை எடுத்துக்கொள்ளும்? 'அஞ்சுவது அஞ்சாமை பேதைமை அஞ்சுவது அஞ்சல் அறிவார் தொழில்' என்பது குறள். பயப்பட வேண்டியதற்குப் பயப்படாதது அறியாமை என்று வள்ளுவரே சொல்கிறார். வகுப்பு முழுக்க ஒருவனுக்கு எதிராகத் திரும்பும் என்றால் அது பயப்பட வேண்டிய விஷயம்தான். என் பையன் ஒன்பது நாள் பயந்தது புத்திசாலித்தனம். பத்தாவது நாளும் பயம் போகவில்லை, பயத்தோடேயே போய் நின்றான். அதனால் அவனுக்குக் கிடைத்தது பாராட்டு இல்லை, பதில் சொல்ல முடியாத ஒரு கேள்வி.

பதின்பருவத்தில் துணிவின் அளவு பெரும்பாலும் இப்படிச் சின்னதாகத்தான் இருக்கும். தனியாகச் சாப்பிடுகிறவள் பக்கத்தில் தட்டை எடுத்துக்கொண்டு போய் உட்காருவது. எல்லோரும் சிரிக்கும்போது சிரிக்காமல் இருப்பது. "நான்தான் உடைத்தேன்" என்பது. பெரியவர்களுக்கு இவை கண்ணில் படுவதே இல்லை. அந்த வயதில் இவற்றைவிடக் கஷ்டமானது உலகத்தில் வேறில்லை. இந்த அளவை மறந்துவிட்டால் அந்த வயதுக்காரர்களுக்கு எழுத முடியாது.

மறக்காமல் எழுதியதால்தான் இந்த வகை இலக்கியமே இன்றைய வடிவத்துக்கு வந்தது. 1967-இல் 'தி அவுட்சைடர்ஸ்' என்ற அமெரிக்க நாவல் வெளியானபோது அதை எழுதிய எஸ். ஈ. ஹின்டனுக்கு வயது 18. எழுதத் தொடங்கியது பள்ளியில் படிக்கும்போது, 15 வயதில். தன் வயதுப் பிள்ளைகளுக்கென்று அப்போது இருந்த புத்தகங்களில், தான் பள்ளியில் தினமும் பார்க்கிற கும்பல் சண்டையும் பணக்கார-ஏழைப் பிளவும் இல்லையே என்ற எரிச்சலில் எழுதினார். பையன்களைப் பற்றிய கதையை ஒரு பெண் எழுதியிருக்கிறார் என்று தெரிந்தால் விமர்சகர்கள் ஒதுக்கிவிடுவார்களோ என்று பதிப்பகம் யோசித்ததால் முழுப் பெயருக்குப் பதில் முதலெழுத்துகள் மட்டும் அட்டையில் வந்தன.

அப்புறம் 1999-இல் லாரி ஹால்ஸ் ஆண்டர்சன் எழுதிய 'ஸ்பீக்'. ஒரு விருந்தில் வன்கொடுமைக்கு ஆளான பள்ளிச் சிறுமி போலீசுக்கு ஃபோன் செய்கிறாள். விஷயம் தெரியாத மற்றவர்கள், விருந்தைக் கெடுத்தவள் என்று அவளை ஒதுக்கிவைக்கிறார்கள். அவள் பேசுவதையே ஏறத்தாழ நிறுத்திவிடுகிறாள். நாவல் முழுக்க அவள் ஒரு வாக்கியத்தை நோக்கித்தான் நடக்கிறாள். படித்தவர்களிடமிருந்து ஆசிரியருக்குக் கடிதங்கள் வந்து குவிந்தன, எனக்கும் இது நடந்தது, யாரிடமும் சொன்னதில்லை என்று. பத்தாம் ஆண்டுப் பதிப்பில், அந்தக் கடிதங்களின் வரிகளைக் கோத்து ஆண்டர்சன் ஒரு கவிதை சேர்த்தார். ஒரு கற்பனைச் சிறுமி வாய்திறந்ததால் நிஜமான மனிதர்கள் பேனாவை எடுத்திருக்கிறார்கள். "நடந்ததா?" என்ற கேள்விக்கு இதைவிட நேரான பதில் எனக்குத் தெரியாது.

எழுதுகிறவருக்கு வேண்டிய துணிவு பற்றியும் சொல்ல வேண்டும். பெரிய எதிரியை எதிர்த்து எழுதுவதுதான் துணிவு என்று பேசுகிறோம். எனக்கு அதைவிடக் கடினமாக இருப்பது, நான் நல்லவராகத் தெரியாத இடத்தை எழுதுவது. அநீதி செய்தவனை எழுதுவது எளிது. பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவனை உள்ளிருந்து எழுதும்போதுதான் கை தயங்கும். அந்தத் தயக்கம் வரும் இடத்தில் நான் கொஞ்சம் கூடுதல் நேரம் உட்காருவேன். பெரும்பாலும் கதை அங்கேதான் இருக்கும்.

ஆனால் உண்மையை எழுதுகிறேன் என்பது அடுத்தவர் வீட்டு அலமாரியைத் திறக்க அனுமதி ஆகாது. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு தோழி நம்பிச் சொன்ன விஷயம் ஒன்றை நாவலில் வைத்தேன். பெயரை மாற்றினேன், ஊரை மாற்றினேன், அக்காவை அண்ணனாக்கினேன். அச்சுக்குப் போகும் முன் அவளிடமே படிக்கக் கொடுத்தேன். இரண்டாவது பக்கத்திலேயே நிறுத்திவிட்டாள். அவள் பேசும்போது அடிக்கடி சொல்லும் ஒரு சொல்லை, அழகாக இருக்கிறதே என்று, கதாபாத்திரத்தின் வாயில் அப்படியே விட்டுவைத்திருந்தேன். அவளைத் தெரிந்த எவரும் அந்தச் சொல்லைப் பார்த்தால் போதும். நச்சினார்க்கினியர் சொன்ன வேப்பம்பூ என்ன என்பது அன்றைக்குத்தான் எனக்கு முழுசாகப் புரிந்தது. அந்த அத்தியாயம் முழுவதையும் எடுத்துவிட்டேன். நாவல் அதனால் கொஞ்சம் மெலிந்தது. பரவாயில்லை.

கற்பனை என்பதால் தகவலில் கை தவறலாம் என்றும் இல்லை. கதையில் ஒரு பிள்ளைக்கு நீரிழிவு இருந்தால் இன்சுலின் எப்போது, எதற்காகப் போடுகிறார்கள் என்பது சரியாக இருந்தாக வேண்டும். அந்த நோயோடு வாழ்கிற வாசகர் ஒருவர் எங்கோ இருக்கிறார்; அவரை நம்ப வைக்க முடியாவிட்டால் மற்ற எதுவும் நிற்காது.

நீங்களே எழுதிப் பார்க்க விரும்பினால், உங்களுக்கு நடந்ததை அப்படியே எழுதுவதிலிருந்து தொடங்காதீர்கள். சொல்லியிருக்க வேண்டும், ஆனால் சொல்லாமல் விட்ட ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதை உங்களைப் போல் இல்லாத ஒருவரிடம் கொடுங்கள். வேறு வயது, வேறு வீடு, வேறு குரல். அவர் அதைச் சொல்ல வருகிறார், கிட்டத்தட்டச் சொல்லிவிடுகிறார், என்ன தடுக்கிறது என்று மட்டும் ஒரு பக்கம் எழுதுங்கள். சொல்லவைக்க அவசரப்பட வேண்டாம். எழுதியதை மறுநாள் வாய்விட்டுப் படியுங்கள். எந்த வரியில் உங்கள் குரல் தானாகவே தாழ்கிறதோ அந்த வரியை வைத்துக்கொள்ளுங்கள்.

குழாயடி அத்தியாயத்தைச் சில பிள்ளைகளுக்கு ஒருமுறை படித்துக் காட்டினேன். முடித்ததும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. கடைசி வரிசையிலிருந்த ஒரு பெண் கையைத் தூக்கினாள். நான் எதிர்பார்த்த கேள்விதான் வந்தது: "இது நிஜமாகவே நடந்ததா? அந்தப் பையன் நீங்கதானா?"

"உனக்கு ஏன் அப்படித் தோணுச்சு?" என்று கேட்டேன்.

அவள் பக்கத்திலிருந்தவளை ஒரு தரம் பார்த்தாள். பிறகு, "எங்க வகுப்புல ஒண்ணு நடந்துச்சு" என்று தொடங்கினாள்.